முதலையைப் பற்றி யாரிடம் பேசுவது?

மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துக்கொண்டிருந்த 2023 டிசம்பர் முதல் வாரத்தில், வண்டலூரை ஒட்டிய நெடுங்குன்றத்தில் ஒரு முதலை இரவு நேரத்தில் சாலையைக் கடந்தது. வண்டியில் போனவர் எடுத்த சில நொடிக் காட்சிதான். ஆனால் தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ரயில் பாதை போகிற வழியெல்லாம் அது கைபேசிக்குக் கைபேசி தாவியது. கூடவே, வண்டலூர் பூங்காவிலிருந்து தப்பிவந்த முதலை என்ற கதையும் தாவியது. அன்றைக்குச் சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாகு சமூக ஊடகத்தில் ஒரு சிறு விளக்கம் எழுதினார். சென்னையின் நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் ஏற்கெனவே வாழ்கின்றன. அவை கூச்ச சுபாவம் உள்ளவை, மனிதரைத் தவிர்ப்பவை. மழையில் நீர் பெருகி வழிந்ததால் இது வெளியே வந்திருக்கிறது. நெருங்காமல் விட்டுவிட்டால் தீங்கு செய்யாது. வனத்துறைக்குச் சொல்லியாகிவிட்டது, பதற வேண்டாம் என்பது அதன் சாரம். மின்சாரம் இல்லாத, முழங்கால் தண்ணீர் நின்ற இரவுகளில் வந்த அரசுச் செய்திகளில் இவ்வளவு நிதானமான ஒன்று அபூர்வம்.

அந்த நாலைந்து வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தால், காட்டுயிர்ப் பாதுகாப்பைப் பற்றி மக்களிடம் எப்படிப் பேசுவது என்ற துறை கடந்த 30, 40 ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பாடங்களில் பாதி அதில் இருக்கிறது. விலங்கு ஏன் வந்தது என்ற காரணம் இருக்கிறது. அதன் இயல்பு இருக்கிறது. படிப்பவர் செய்ய வேண்டிய காரியம், அதாவது சும்மா இருப்பது, சொல்லப்பட்டிருக்கிறது. பொறுப்பை ஏற்க ஓர் அலுவலகம் இருக்கிறது என்ற உறுதியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: விலாசம். அந்தச் செய்தியைப் படித்த லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரு முதலையைக் கம்பிவேலி இல்லாமல் பார்க்கப் போவதில்லை. நெடுங்குன்றத்து ஏரிக்கரையில் துணி துவைப்பவர், தூண்டில் போடுபவர், ஆடு மேய்ப்பவர், கரையோரத்தில் கோழிக்கழிவு மூட்டையை வீசிவிட்டுப் போகும் கடைக்காரர், ஏரி வாய்க்காலை ஒட்டி மனை வாங்கிய குடும்பம் என்று அந்த முதலையின் ஆயுளைக் கையில் வைத்திருப்பவர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புப் பிரசாரங்கள் பெரும்பாலும் தோற்பதற்குக் காரணம் சொல்லின் அழகு குறைவதோ செய்தி பரவாமல் போவதோ கிடையாது என்பது என் வாதம். ‘பொதுமக்கள்’ என்ற, ஊரில்லாத, தொழிலில்லாத ஒருவரை நோக்கியே அவை பேசுகின்றன. ஓர் உயிரினத்தின் விதியைத் தீர்மானிக்கும் குறிப்பிட்ட சிலரை, அவர்களுடைய குறிப்பிட்ட ஒரு செயலை நோக்கிப் பேசியபோதெல்லாம் பலன் கிடைத்திருக்கிறது. அதற்கான சான்றுகளில் சில பொத்தேரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள்ளேயே கிடைக்கின்றன.

முதலில், நாம் எல்லோரும் நம்பும் ஒரு கருத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். தெரியாததால்தான் மக்கள் தப்புச் செய்கிறார்கள், தெரிந்துவிட்டால் திருந்திவிடுவார்கள் என்பது அது. பள்ளிப் பாடம், சுவரொட்டி, ‘விழிப்புணர்வுப் பேரணி’ எல்லாம் இந்த நம்பிக்கையின் மேல் நிற்பவை. இதைச் சோதிக்க உயிரியல் பூங்காவைவிட நல்ல இடம் இருக்க முடியாது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 1855இல் எட்வர்டு பால்ஃபர் சென்னையில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையின் வாரிசு. 1985இல் இங்கே இடம் மாறி, சுமார் 600 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வருகிறார்கள். இப்படி வந்து போவதால் என்ன ஆகிறது? உலகின் 26 பூங்காக்களில், ஆயிரக்கணக்கான பார்வையாளர்களிடம் உள்ளே போகும் முன்பும் வெளியே வந்த பின்பும் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. உயிர்ப் பன்மையைப் பற்றி ஓரளவாவது புரிதல் உள்ளவர்களின் பங்கு 69.8 சதவீதத்திலிருந்து 75.1 சதவீதமாக உயர்ந்தது. அதைக் காக்கத் தான் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் 50.5இலிருந்து 58.8 சதவீதமானார்கள். ஏறியது உண்மை, ஆனால் மலையளவு ஏறவில்லை. அதே ஆய்வாளர்கள் பிறகு தோண்டியபோது இன்னொன்றும் தெரிந்தது: அறிவு கூடுவதற்கும் செயல் மாறுவதற்கும் இடையிலான தொடர்பு மிகவும் பலவீனமானது. புகை பிடிக்கும் மருத்துவர்கள் உள்ள உலகத்தில் இது அதிர்ச்சி தரக்கூடாதுதான். இருந்தும் நம் விழிப்புணர்வுப் பணம் இன்றைக்கும் அந்த வழியிலேயே போகிறது.

அறிவு போதாது என்றால் உணர்ச்சியைத் தொடலாமே என்பது அடுத்த யோசனை. இதற்கும் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் பால் ஸ்லோவிக்கும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையில், ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு நன்கொடை கேட்டார்கள். ஒரு சிறுமியின் பெயரையும் படத்தையும் காட்டியபோது சராசரியாக 2.38 டாலர் கிடைத்தது. லட்சக்கணக்கானோர் பட்டினி என்று புள்ளிவிவரத்தை மட்டும் காட்டியபோது 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துக் காட்டினால்? 1.43 டாலர்தான். எண்ணிக்கை வந்து உட்கார்ந்ததும் இரக்கம் எழுந்து போய்விடுகிறது. நம் ஊரிலும் இதைப் பார்த்தோம். 2021 ஜூனில் கொரோனாத் தொற்றால் வண்டலூரில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தபோது தமிழ்நாடே அதன் பெயரைத் தெரிந்துகொண்டது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றில் ஒன்றுக்கும் பெயர் கிடையாது. செய்தி சில வாரங்களில் அடங்கிவிட்டது. பெயர் வைத்து, முகம் காட்டி உருக வைப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அந்த உருக்கம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். கூண்டிலிருந்த, அதுவும் இறந்துபோன ஒரு சிங்கத்துக்காக அழுதவர் அடுத்த நாள் வேறுவிதமாகச் செய்திருக்கக்கூடிய காரியம் எதுவும் இல்லை. கண்ணீருக்கு வாய்க்கால் வெட்டாவிட்டால் அது விழுந்த இடத்திலேயே காய்ந்துவிடும்.

மூன்றாவது வழி, நம் பத்திரிகைகளும் ஆர்வலர்களும் அதிகம் கையாள்வது: அதிர்ச்சி. ‘பள்ளிக்கரணை அழிகிறது’, ‘ஏரிகளை எல்லோரும் ஆக்கிரமிக்கிறார்கள்’, ‘தினமும் குப்பை கொட்டப்படுகிறது’. உண்மைதான், ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது சில நூறு ஹெக்டேர். ஆனால் உண்மை என்பதாலேயே ஒரு வாக்கியம் நல்ல விளைவைத் தந்துவிடாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் சிறு துண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவது அங்கே தீராத தொல்லை. உளவியலாளர் ராபர்ட் சியால்டினி அங்கே இரண்டு வகை அறிவிப்புப் பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ‘முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துப் போனதால் காட்டின் நிலை மாறிவிட்டது’ என்று வருந்திய பலகை இருந்த நாட்களில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 7.92 சதவீதம் காணாமல் போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது போனவை 1.67 சதவீதம். ஊரே எடுக்கிறது என்று ஒருவனிடம் புலம்பினால், ஊரோடு ஒத்துவாழ் என்று அவன் காதில் விழுகிறது. ஏரிக்கரையில் ‘இங்கே பலர் குப்பை கொட்டுகிறார்கள்’ என்று எழுதி வைக்கும் நல்ல மனங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படியானால் எது வேலை செய்கிறது? தாம்பரத்தை ஒட்டிய சேலையூரிலிருந்தே தொடங்கலாம். ராமுலஸ் விட்டேக்கர் 1970 வாக்கில் தம் முதல் பாம்புப் பண்ணையை அங்கேதான் வைத்தார்; 1972இல் அது கிண்டிக்கு நகர்ந்து சென்னைப் பாம்புப் பண்ணை ஆனது. பாம்பைப் பார்த்தால் அடிக்கத் தெரிந்த நகரத்துக்கு அதைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்த இடம். அதைப் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் பாம்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரியம் வேறு இடத்தில் நடந்தது. செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் தேர்ந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டில் தோல் வியாபாரம் அவர்கள் திறமையை மொத்தமாக விலைக்கு வாங்கியது. அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் கைப்பையாகவும் இடுப்புப் பட்டையாகவும் கடல் கடந்தது. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தொடர்ந்து தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. சட்டத்தின் பார்வையில் பாம்பு தப்பித்தது, இருளர் குற்றவாளி ஆனார். அந்த நிலையில் போய், ‘பாம்பு உழவனின் நண்பன்’ என்று அவர்களிடம் சுவரொட்டி ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாம்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத எதையும் எந்தச் சுவரொட்டியும் சொல்லிவிட முடியாது.

நடந்தது வேறு. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், அதன் வேலை நடக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதி பெற்ற எண்ணிக்கையில் பிடித்து வருவார்கள். பானையில் 21 நாள் வைத்திருந்து, நான்கு முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க முடியாது. நாட்டின் பாம்புக்கடி மருந்து உற்பத்தி பெருமளவு இந்த விஷத்தை நம்பியிருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பானைகளின் மதிப்பு புரியும். செத்த பாம்புக்கு ஒரு முறை காசு, உயிரோடு திரும்பும் பாம்புக்கு ஒவ்வொரு பருவத்திலும் காசு என்ற ஏற்பாடு சொல்லாமல் சொன்ன செய்தி எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. 2023இல் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது, வருமானத்தின் மேல் மரியாதையும் வந்து உட்கார்ந்தது.

இதையே சொல்லை வைத்துச் சாதித்த இடம் குஜராத். திமிங்கலச் சுறாவை 2001இல் சட்டம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சௌராஷ்டிரக் கடற்கரை மீனவர்களில் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை அங்கே பிரசாரம் தொடங்கியபோது, கதை சொல்லி மொராரி பாபுவை அழைத்து வந்தார்கள். அவர் உயிரியல் பாடம் நடத்தவில்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள் இந்த மீன், மகளைக் கொல்வீர்களா என்று கேட்டார். ‘வாலி’, அதாவது செல்லமானவள் என்று பெயரும் கிடைத்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் கண்ணீர்க் கதையாகவே முடிந்திருக்கும். வலையில் மாட்டிய மீனை விடுவிக்க வலையை அறுத்தே ஆக வேண்டும். வலை ஒரு குடும்பத்தின் முதலீடு. அதற்கு அரசு இழப்பீடு கொடுத்தது. நடுக்கடலில் அதிகாரி வந்து பார்க்கும்வரை மீன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்காது என்பதால், மீனவர்களே படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று கேமராவும் கொடுத்தார்கள். இதுவரை 900க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் இப்படி விடுவிக்கப்பட்டிருக்கின்றன. பிரசாரத்தின் வெற்றியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று அளக்காமல், எத்தனை வலைகள் அறுபட்டன என்று அளக்க முடிந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். செயல் இன்னதென்று முன்பே தீர்மானித்திருந்தால்தான் அப்படி அளக்க முடியும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் கடற்கரைக்குத் திரும்பினால் சங்கடமான ஒன்று கண்ணில் படுகிறது. சென்னையில் ஆமை நடை என்பது அரை நூற்றாண்டு மரபு. 1970களில் தொடங்கி, 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் தை முதல் பங்குனி வரை நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரையில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கூடவே நடந்த நகரவாசிகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கரையோர விளக்கு வெளிச்சத்தைக் கடலென்று எண்ணித் தெருவுக்கு ஊரும் குஞ்சுகளுக்கு அவர்கள் செய்தது நேரடியான உதவி, அதில் ஐயமில்லை. ஆனால் கரையில் முட்டையிட வரும் தாய் ஆமை சாவது வேறு இடத்தில். அது மூச்சுவிடக் கடல் மட்டத்துக்கு வந்தாக வேண்டிய பிராணி. கரைக்கு அருகே இழுவலை போடும் விசைப்படகின் மடியில் சிக்கினால் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்பது விதி. ஆமை தப்பிக்கும் கதவு வைத்த வலைகளும் இருக்கின்றன. 2025 ஜனவரியில் ஒதுங்கிய ஆயிரம் உடல்கள், நகரத்தின் அன்பு போதுமான அளவு இருந்தும் அது காசிமேட்டு விசைப்படகுத் தளத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று காட்டின. அந்தப் படகுக்காரருக்கு டீசல் செலவு தெரியும், ஆழத்துக்குப் போனால் ஆகும் நேரம் தெரியும், கதவு வழியாக மீனும் தப்பிவிடும் என்ற பயமும் உண்டு. அவரிடம் பேச வேண்டிய மொழி ஆமைக்குஞ்சின் படத்தில் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். காசும் இழப்பீடும் கொடுத்தால்தான் உயிர்களைக் காப்போம் என்றால், பயன் இல்லாத உயிருக்கு யார் பேசுவது? நாளைக்குச் செயற்கை விஷமுறி மருந்து வந்துவிட்டால் பாம்பு மறுபடி தோலாகிவிடாதா? இதற்குப் பதில் வேடந்தாங்கலில் இருக்கிறது. முப்பது ஹெக்டேர் அளவே உள்ள அந்த ஏரிக்கு வரும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் ஆகியவற்றை ஊர் மக்கள் இரண்டரை நூற்றாண்டாகக் காத்து வருகிறார்கள். தொடக்கம் வெளிப்படையான கணக்குதான்: எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேட்டையைத் தடுக்கும் கவுல் பெற்றார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகக் குடிமக்கள் அரசிடம் எழுதி வாங்கிய பத்திரம் என்ற வகையில் உலகத்திலேயே பழமையானவற்றுள் அது ஒன்றாக இருக்கும். அதன் பிறகு ரசாயன உரம் வந்தது. மூட்டையில் யூரியா கிடைக்கும் நாளில் எச்சத்தின் விலை எவ்வளவு? அந்தக் கணக்குப்படி 1970களிலேயே பறவைகளை ஊர் கைவிட்டிருக்க வேண்டும். விடவில்லை. பயனாகத் தொடங்கியது பழக்கமாகி, பழக்கம் ஊரின் பெருமையாகிவிட்டிருந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டங்குடி சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அந்த ஊருக்கு இப்போது இனிப்புக் கொடுக்கிறது. ஒரு கிலோ இனிப்புக்காக எந்தப் பிள்ளையும் பட்டாசை விட்டுக்கொடுக்காது. ‘நம் ஊரில் வெடிப்பதில்லை’ என்ற சொல்லுக்காக விட்டுக்கொடுக்கும். அரிசோனாப் பலகை தலைகீழாக நிகழ்த்திக் காட்டியதும் இதே விசைதான். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது மனிதனை எந்தப் பக்கமும் இழுக்கும்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. பேச்செல்லாம் அலங்காரம், ஏரியை அழிப்பது ஆடு மேய்ப்பவரோ துணி துவைப்பவரோ இல்லை, மனைப்பிரிவும் ஆலையும் அரசாணையும்தான், அவற்றுக்குச் சட்டம் வேண்டும், கதை வேண்டாம் என்பார்கள். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் ‘ஏரி’, ‘தாங்கல்’ என்று முடியும் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டே போனால், தண்ணீர் நின்ற இடங்களின் பட்டியல் கிடைத்துவிடும். பொத்தேரியும் அதில் ஒன்று. அவற்றில் கட்டடம் எழுந்தது எந்த இடையனின் அறியாமையாலும் இல்லை. ஆனால் சட்டம் தானாக எழுந்து நிற்பதில்லை என்பதற்கும் வேடந்தாங்கலே சாட்சி. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை. 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை தேசிய வனவிலங்கு வாரியத்துக்குப் போனது. அந்த விவரம் வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பி, யோசனை கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் பலர் வேடந்தாங்கலை ஒரு முறை பார்த்த நகரவாசிகள். ஆமைக்கு எட்டாத நகரத்தின் அன்பு இங்கே பலித்ததற்குக் காரணம், இந்த முறை அதனிடம் கேட்கப்பட்டது இன்னதென்று தெளிவாக இருந்தது: இந்த எண், இந்தக் கோப்பு, இந்த வாரியம், எதிர்ப்பைத் தெரிவியுங்கள். விலாசம் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்தது. ஆகவே நகரத்துப் படித்த கூட்டத்தை நான் ஒதுக்கவில்லை. அவர்களுடைய கையில் உள்ள செயல் எது என்று கண்டுபிடித்து அதைக் கேட்க வேண்டும் என்கிறேன். குஞ்சை விட வரச் சொல்வது அவர்களுக்கு இனிமையான காரியம்; வரைவு அறிவிக்கைக்கு அறுபது நாளுக்குள் கருத்து எழுதச் சொல்வது சலிப்பான காரியம். பெரும்பாலும் சலிப்பான காரியத்தில்தான் உயிர் இருக்கிறது.

கடைசியாக நம்பகம். சதுப்புநில முதலை கூச்சமுள்ளது என்பது உண்மை. அது தீங்கற்றது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை ஒட்டிய கொள்ளிடக் கரை ஊர்களில் முதலை மனிதரைக் கொன்றிருக்கிறது. அதை மறைத்துவிட்டு ‘பயமே வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், முதல் கடி விழுந்த அன்றைக்கு அந்தத் துறையின் எல்லாச் சொல்லும் செல்லாக்காசாகிவிடும். குஜராத்தின் சரோதர் பகுதியில் ஊர்க் குளங்களிலேயே முதலைகள் வாழ்கின்றன. அதே குளத்தில் மக்கள் துணி துவைக்கிறார்கள், மாடு குளிப்பாட்டுகிறார்கள். முதலையை வாகனமாகக் கொண்ட கோடியார் மாதா வழிபாடு அதற்கு ஒரு துணை. ஆனால் தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அங்கே யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. எந்தக் குளத்தில் எத்தனை என்று தன்னார்வலர்கள் ஊராரோடு சேர்ந்து ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். எங்கே கிடக்கிறது, எப்போது கூடு காக்கிறது, எந்தப் படித்துறை ஆபத்து என்று தெரிந்தவனுக்குப் பயம் எச்சரிக்கையாக மாறுகிறது. ‘பயப்படாதே’ என்ற ஒற்றைச் சொல்லால் அந்த மாற்றம் வராது.

நெடுங்குன்றம் முதலைக்கு அப்படி ஒரு செய்தி எழுதுவதென்றால் அதற்குப் பெரிய கற்பனை தேவைப்படாது. கோழிக்கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று: கழிவைக் கரையில் கொட்டாதீர்கள், அது நாயை வரவழைக்கும், நாய் முதலையை வரவழைக்கும். குடியிருப்போர் நலச் சங்கத்திடம் கேட்க வேண்டியது இன்னொன்று: ஏரியின் உபரிநீர் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொடுங்கள், வாய்க்கால் ஓடினால் முதலைக்குத் தெரு தேவையில்லை. கல்லூரிகள் நிறைந்த பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கத்து மாணவர்களிடம் கேட்க வேண்டியது, பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்து தங்கள் வளாகத்துக்குப் பக்கத்து ஏரியில் என்ன வருகிறது என்று ஆண்டு தவறாமல் பதிவு செய்வது. எதிர்காலத்தில் அந்த ஏரிக்கு ஏதேனும் கோப்பு வரும்போது பழைய பதிவைவிட வலுவான சாட்சி இருக்காது. துணி துவைப்பவர்களுக்கு எந்தப் படித்துறை, எந்த நேரம் என்று ஒரு பலகை போதும். தமிழில், ஏரியை அவர்கள் அழைக்கும் பெயரில். கைபேசியில் படம் பிடிக்கிறவருக்கு வனத்துறையின் எண்ணும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற அளவும். இவை எதுவும் வைரலாகப் போவதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும்; ஏரிகள் கலங்கல் வழிய நவம்பர் ஆகும். பலகைக்குப் பெயின்ட் அடிக்க ஆவணி, புரட்டாசி என்று இரண்டு மாதம் இருக்கிறது.